பிரபஞ்சத்தை அளந்த முத்தோரைச் சரிவு

ஊட்டிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, பாலாடா பக்கம், முத்தோரை என்றொரு ஊர் இருக்கிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் பள்ளத்தாக்குகளுக்கு மேலே, ஒரு மலைச்சரிவு நெடுக 24 இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் பரவளைய வடிவம், 30 மீட்டர் அகலம். முதல் சட்டத்திலிருந்து கடைசிச் சட்டம் வரை 530 மீட்டர். இடையே 1,100 எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இதுதான் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 1970 முதல் இயங்கி வருகிறது.

அந்தச் சரிவு வடக்கே உயர்ந்து தெற்கே இறங்குகிறது. சாய்வு ஏறக்குறைய 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகையைச் சற்றே தாண்டும். இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போவதால், சரிவோடு சரிவாகப் படுத்திருக்கும் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அச்சின் வடமுனை துருவ நட்சத்திரத்தின் திசையைக் காட்டுகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 15 பாகை சுழல்கிறது. தொலைநோக்கி தன் அச்சில் அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்பினால் போதும், வானத்தில் பார்க்க விரும்பும் பொருள் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக அதன் பார்வையை விட்டு நகராது. இவ்வளவு பெரிய அமைப்பைத் திருப்ப ஒரே ஒரு சுழற்சி போதுமென்றால், அதற்குக் காரணம் அந்த மலைதான்.

இயற்பியலின் வரலாற்றை ஆட்களின் பெயர்களால் எழுதியே பழகிவிட்டோம். ஐன்ஸ்டைன், ஹபிள், ராமன், சந்திரசேகர் என்று பட்டியல் நீளும். அந்தப் பெயர்களின் பெருமை குறையவில்லை. ஆனால் ஒருவர் தாளில் எழுதிய கருத்தை இயற்கையிடம் கேட்டுச் சரிபார்க்க ஓர் இடம் வேண்டும், ஒரு கருவி வேண்டும், அதன் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்து அளக்கும் மனிதர்கள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் சில பெரிய கேள்விகளுக்கு நீலகிரி அப்படிப்பட்ட இடமாக இருந்தது. அதன் சரிவும், உயரமும், நிலநடுக்கோட்டுக்கு அது அருகில் இருப்பதும் அந்த இயற்பியலின் உறுப்புகள் என்றே நான் சொல்வேன்.

இந்தத் தொலைநோக்கியின் கதை ஒரு தமிழரிடமிருந்து தொடங்குகிறது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனுடன் நின்று உழைத்தவர். சுதந்திர இந்தியாவில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். 1952இல் சிட்னியில் நடந்த பன்னாட்டு ரேடியோ அறிவியல் மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் உலகப்போரில் ரேடார் செய்து பழகிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், அதே ஆன்டெனாக்களை வானத்தை நோக்கித் திருப்பிப் புதியதொரு வானியலையே உருவாக்கிக்கொண்டிருந்ததை அங்கே கண்டார். திரும்பி வந்ததும் தம் ஆய்வகத்தில் பணியாற்றிய இளைஞர் ஒருவரைக் கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகையில் 1953இல் சிட்னிக்கு அனுப்பினார். உத்தரப் பிரதேசத்தின் தாகூர்த்வாராவில் 1929இல் பிறந்த அந்த இளைஞர்தான் கோவிந்த் ஸ்வரூப்.

ஸ்வரூப் ஆஸ்திரேலியாவில் கற்றார். பிறகு அமெரிக்கா போய் ஸ்டான்ஃபோர்டில் ரான் பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டம் பெற்றார். 1961இல் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், ஸ்வரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோர், நாடு திரும்பிச் சேர்ந்து உழைக்க விரும்புவதாக இந்திய அறிவியல் தலைவர்களுக்கு எழுதினார்கள். விரைந்து, உறுதியாகப் பதில் சொன்னவர் ஹோமி பாபா. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரேடியோ வானியல் குழு அமைப்பதென்று 1962 தொடக்கத்தில் தந்தியடித்தார். ஸ்வரூப் 1963இல் திரும்பினார்.

அவர் திரும்பிய நேரம் வானியல் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். முந்தைய ஆண்டு, 1962 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவர் தோழர்களும் ஒரு மறைப்பைக் கவனித்தார்கள். 3சி 273 என்ற ரேடியோ மூலத்தின் முன்னே நிலவு கடந்து சென்றது. நிலவின் விளிம்பு அதை மறைத்த கணத்தையும் விடுவித்த கணத்தையும் நுட்பமாகக் குறித்ததால், அந்த மூலம் வானத்தில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியில் இருந்தது பார்வைக்குச் சாதாரண நட்சத்திரம். 1963 பிப்ரவரியில் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்தபோது, அது ஒளியின் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் விலகிச் செல்வதும், இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதும் தெரியவந்தது. குவாசர்கள் என்ற வகையே அன்றுதான் உலகுக்கு அறிமுகமாயிற்று.

ஸ்வரூப் இதிலிருந்து பிடித்துக்கொண்டது வேறொரு செய்தி. ரேடியோ அலைகள் நீளமானவை. அதனால் ரேடியோ தொலைநோக்கியின் பார்வை மங்கலானது. கூர்மை வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் பரந்த கருவி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த இந்தியாவில் அந்த வழி அடைபட்டிருந்தது. நிலவின் விளிம்போ எல்லா நாட்டுக்கும் பொதுவானது. நிலவு நட்சத்திரங்களின் நடுவே விநாடிக்கு அரை விகலை வேகத்தில் நகர்கிறது. ஒரு பாகையை 3,600 கூறாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு விகலை. அந்த விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தைத் தாண்டும்போது சமிக்ஞை எப்படி இறங்குகிறது என்று காலத்தை வைத்து அளந்தால், இடத்தின் அளவு கிடைத்துவிடும். கூர்மையைக் கருவியின் அகலத்திலிருந்து பெறாமல் கடிகாரத்திலிருந்து பெறும் வழி இது. தேவையெல்லாம், மிக மங்கலான மூலங்களையும் பிடிக்கும் அளவுக்குப் பெரிய பரப்பும், நிலவைப் பல மணி நேரம் பின்தொடரும் திறனும்தான். ஒரு நீண்ட உருளைப் பரவளையத்தைச் சரியான சாய்வுள்ள மலையில் கிடத்தினால் இரண்டும் கிடைக்கும் என்று ஸ்வரூப் கணக்கிட்டார்.

வடக்கு தெற்காக ஓடி, தன் அட்சரேகை அளவுக்கே சாய்ந்து, அரை கிலோமீட்டருக்கு ஒழுங்காக நீளும் சரிவைத் தென்னிந்திய மலைகளில் தேடினார்கள். வடக்கே போகப் போக அட்சரேகை கூடும், தேவைப்படும் சரிவும் செங்குத்தாகும், கட்டுமானம் கடினமாகிவிடும். அதனால் தெற்குதான் தோது. முத்தோரையில் அந்தச் சரிவு கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொலைநோக்கியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வேறுபாடு நூறு மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. 1966 ஜனவரி 24 அன்று பாபா விமான விபத்தில் ஆல்ப்ஸ் மலையில் இறந்தார். அவருக்குப் பின் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த எம். ஜி. கே. மேனன் திட்டத்தைக் கைவிடவில்லை.

வடிவமைப்பும் கட்டுமானமும் முழுக்க இந்தியாவிலேயே நடந்தன. ஸ்வரூபின் குழுவில் பெரும்பாலோர் இளைஞர்கள். அதற்கு முன் இப்படியொன்றைக் கட்டியவர்கள் அல்லர். தொலைநோக்கி வேலை செய்யும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர். இவ்வளவு நீண்ட அலைக்குத் தகடு போன்ற முழுப் பரப்பு தேவையில்லை. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பி ஓடினாலே அலைக்கு அது ஒரு கண்ணாடி. மழைக்காலக் காற்று கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து போய்விடும். சட்டங்கள் தாங்கவேண்டிய பாரமும் குறையும். கம்பிகள் குவிக்கும் அலைகளைக் குவியக்கோட்டில் வரிசையாக நிற்கும் 1,056 டைபோல் ஆன்டெனாக்கள் வாங்கிக்கொள்கின்றன. கிழக்கு மேற்காகப் பார்க்கத் தொலைநோக்கி திரும்புகிறது. வடக்கு தெற்காகப் பார்க்க அது அசைவதே இல்லை. டைபோல்களின் சமிக்ஞைகளுக்கு இடையே உள்ள கட்ட வேறுபாட்டை மின்னணுவியல் வழியே மாற்றினால் பார்வை வடக்கேயோ தெற்கேயோ 36 பாகை வரை நகர்கிறது. நிலவு வான நடுக்கோட்டிலிருந்து அதிகபட்சம் 28.5 பாகைதான் விலகும். ஆகவே நிலவு இந்தக் கருவியின் எல்லையை ஒருபோதும் தாண்டாது.

1970 பிப்ரவரியில் முதல் மறைப்புப் பதிவாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் ஊட்டியில் பதிவான மறைப்புகள் ஆயிரத்தைத் தொட்டன. ஒவ்வொரு பதிவும் நேரடியான விடை தருவதில்லை. நிலவின் கூரிய விளிம்பில் அலைகள் வளைந்து, ஏற்ற இறக்கங்களாகப் பரவும். பாடநூல்களில் விளிம்பு விளைவு என்று படிக்கிறோமே, அதுதான். அந்த ஏற்ற இறக்கங்களிலிருந்து மூலத்தின் உண்மை வடிவத்தை மீட்டெடுக்கும் கணித வழியைப் பீட்டர் ஷூயர் 1962இல் தந்திருந்தார். அதைப் பயன்படுத்தி, தொலைநோக்கி தனியாகப் பிரித்தறிய முடியாத மூலங்களின் அளவுகளைச் சில விகலைகள் வரை ஊட்டிக் குழு அளந்தது. அந்த நாளில், அவ்வளவு மங்கலான இத்தனை மூலங்களின் கோண அளவு வேறெங்கும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டிருக்கவில்லை.

இந்த அளவுகளால் என்ன தெரிந்தது என்பதற்குச் சற்றுப் பின்னே போகவேண்டும். ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுச் சமன்பாடுகளிலிருந்து, விரியும் பிரபஞ்சம் சாத்தியம் என்று ஃப்ரீட்மனும் லெமெத்ரேயும் காட்டினார்கள். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ப வேகமாக விலகுவதை ஹபிள் 1929இல் வெளியிட்டார். விரிவதை ஏற்றுக்கொண்டவர்களும், விரிவுக்கு ஒரு தொடக்கம் உண்டா என்பதில் பிரிந்தார்கள். 1948இல் ஹாயல், பாண்டி, கோல்ட் மூவரும் மாறாநிலைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரியும், ஆனால் இடைவெளியில் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும், ஆகவே எந்தக் காலத்தில் பார்த்தாலும் அதன் சராசரித் தோற்றம் ஒன்றுதான். அழகான கோட்பாடு, அதைவிட முக்கியமாக, சோதிக்கக்கூடிய கோட்பாடு. தொலைவில் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பது. வெகுதொலைவில் உள்ள ரேடியோ மண்டலங்கள், அதாவது ரேடியோ அலை வீசும் விண்மீன் மண்டலங்கள், அருகில் உள்ளவற்றைப் போலவே இருந்தால் ஹாயல் சரி. வேறுபட்டிருந்தால் அவர் தவறு.

கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் ரேடியோ மூலங்களை எண்ணினார். மங்கலானவை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. அதாவது முற்காலத்தில் அவை நெருக்கமாக இருந்திருக்கின்றன. எண்ணிக்கையில் பிழை இருக்கிறதென்று ஹாயல் தரப்பு வாதாடியது. 1965இல் பென்சியாஸும் வில்சனும் பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பமான நுண்ணலைப் பின்புலத்தை அறிவித்த பிறகு பெரும்பாலோர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் வரவில்லை.

ஊட்டி வேறொரு கோணத்திலிருந்து இந்த வழக்கில் சாட்சி சொன்னது. எத்தனை இருக்கின்றன என்று எண்ணாமல், எவ்வளவு பெரியவை என்று பார்த்தது. எல்லா மூலங்களும் ஒரே இயல்புடையவை, வெளியும் எளிமையானது என்று வைத்துக்கொண்டால், தொலைவு இரட்டிப்பானால் பிரகாசம் நான்கில் ஒன்றாகும், தோற்ற அளவு பாதியாகும். பிரகாசத்துக்கும் அளவுக்கும் உள்ள இந்த உறவு மங்கலான மூலங்களுக்குப் போகும்போது எப்படி மாறுகிறது என்பதில் பிரபஞ்சத்தின் வடிவமும் வரலாறும் ஒளிந்திருக்கின்றன. 1975இல் ஸ்வரூபும் அவருடைய மாணவர் விஜய் கபாகியும் தனித்தனிக் கட்டுரைகளில் முடிவை வெளியிட்டார்கள். ஊட்டியில் அளந்த மங்கலான மூலங்களை, ஏற்கெனவே அறியப்பட்ட பிரகாசமான மூலங்களோடு ஒப்பிட்டபோது, ரேடியோ மண்டலங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவற்றின் உண்மை அளவும் காலத்தோடு மாறியிருக்கவேண்டும் என்று தெரிந்தது. முற்காலத்து ரேடியோ மண்டலங்கள் இன்றுள்ளவற்றைவிடச் சிறியவை. பிரபஞ்சத்துக்கு வயது உண்டு. அது காலத்தோடு மாறுகிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. மாறாநிலைக் கோட்பாட்டை வீழ்த்தியது ஊட்டி என்று சிலர் எழுதுவது சரியல்ல. நுண்ணலைப் பின்புலம்தான் அதை வீழ்த்தியது. அளவு மாற்றத்தின் காரணம் பற்றியும் பின்னால் நீண்ட விவாதம் நடந்தது: முற்காலத்தில் மண்டலங்களுக்கு இடையே இருந்த வாயு அடர்த்தியாக இருந்ததாலா, வேறெதனாலா என்று. ஆனால் ரைலின் சாட்சியத்தைச் சாராத, முற்றிலும் வேறு முறையில் திரட்டிய சுதந்திரமான சான்று ஒன்றை ஊட்டி தந்தது. ஓர் உண்மை நிலைப்பதற்கு ஒரு சான்று போதாது, வெவ்வேறு வழியில் வந்த பல சான்றுகள் ஒரே இடத்தில் கூடவேண்டும். ஹாயலோடு நெருங்கிப் பணியாற்றி மாறாநிலைச் சிந்தனையைக் கடைசி வரை வளர்த்த ஜயந்த் நார்லிகர், 1972இல் இந்தியா திரும்பி அதே டாட்டா நிறுவனத்தில்தான் சேர்ந்தார் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பெருவெடிப்புக்கு ஆதரவான சான்றும் அதை ஏற்காத கோட்பாட்டாளரும் ஒரே நிறுவனத்தில் மதிப்போடு இருந்தார்கள். அறிவியல் நிறுவனம் அப்படித்தான் இருக்கவேண்டும்.

நிலவின் மறைப்பு முறைக்கு ஆயுள் குறைவு. பல ஆன்டெனாக்களை இணைத்துப் படமெடுக்கும் பெரிய அமைப்புகள் உலகின் பிற பகுதிகளில் வந்தபின் அதன் தேவை குறைந்தது. தொலைநோக்கிக்கோ வேலை குறையவில்லை. கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹீவிஷ் ஒன்றைக் கவனித்திருந்தார்: தொலைதூர ரேடியோ மூலங்களிலிருந்து வரும் அலைகள் சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றைக் கடக்கும்போது மினுக்குகின்றன. அந்த மினுக்கத்தை ஆராயக் கட்டிய ஆன்டெனாவில்தான் அவருடைய மாணவி ஜோசலின் பெல் 1967இல் முதல் பல்சரை, அதாவது சீராகத் துடிக்கும் விண்மீனை, கண்டார். ஊட்டியில் இந்த மினுக்க ஆய்வு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பி. கே. மனோகரன் முதலியோர், நாள்தோறும் பல மூலங்களைப் பார்த்து, சூரியன் கக்கும் பெரும் பிளாஸ்மா மேகங்கள் பூமியை நோக்கி எந்த வேகத்தில் வருகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். விண்கலம் அளப்பது அது நிற்கும் இடத்தின் காற்றை மட்டும். ஊட்டி அளப்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையே பரந்த வெளியை.

இதே அதிர்வெண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. நடுநிலை ஹைட்ரஜன் 1,420 மெகாஹெர்ட்ஸில் அலை வீசும். பிரபஞ்சம் விரிந்ததால் நீண்டு, அந்த அலை 326.5 மெகாஹெர்ட்ஸாக இன்று நம்மை வந்தடைகிறதென்றால், அது கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் இருநூறு கோடி ஆண்டுகள்தான். அந்தப் பழைய ஹைட்ரஜனைத் தேடும் முயற்சிகள் முத்தோரையில் நடந்திருக்கின்றன. அதற்காகவே தொலைநோக்கியின் மின்னணுப் பகுதி புதுப்பிக்கவும் பட்டது.

ஸ்வரூபின் அடுத்த கனவு நிலநடுக்கோட்டின் மேலேயே இரண்டு கிலோமீட்டர் நீளத் தொலைநோக்கி. அங்கே அட்சரேகை சுழி, ஆகவே மலையே வேண்டாம், சமதரை போதும். கென்யாவிலும் பிறகு இந்தோனேசியாவிலும் முயன்றார். அரசியலும் பணமும் குறுக்கே நின்றன. அந்தத் தோல்விக்குப் பிறகுதான், புனேக்கு வடக்கே கோடத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் கொண்ட பெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. மெல்லிய கம்பி வலையைக் கயிறுகளால் இழுத்துப் பரவளையமாக்கும் அதன் சிக்கனமான வடிவம் முத்தோரையில் கற்ற பாடத்தின் நீட்சி. ஸ்வரூப் 2020 செப்டம்பர் 7 அன்று புனேயில் காலமானார்.

நீலகிரிக்கு இயற்பியலாளர்கள் வந்தது ஸ்வரூப் காலத்தில் தொடங்கியதல்ல. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணம் இம்மலைகளைக் கடந்தபோது, பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சன் ஊட்டியை அடுத்த சோலூரில் கருவிகளோடு காத்திருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் குண்டூரில் கண்ட கிரகணத்தால் புகழ்பெற்றவர் அவர். பிரிட்டிஷ் குழுவொன்று தொட்டபெட்டாவில் முகாமிட்டது. சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தின் நிறமாலையில், சூரிய ஒளிக்கே உரிய கருங்கோட்டை ஜான்சன் சோலூரில் கண்டார். ஒளிவட்டத்தின் ஒரு பகுதி தானே ஒளிர்வதன்று, தூசியில் சிதறிய சூரிய ஒளி என்பதற்கு அது முதல் தடயம்.

காஸ்மிக் கதிர்களின் கதையில் நீலகிரியின் உயரமும் அட்சரேகையும் சேர்ந்து வேலை செய்கின்றன. விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். விண்ணிலிருந்து துகள்கள் வருகின்றன என்று உலகம் அறிந்தது. ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் கப்பலில் கருவியோடு போய்வந்த யாகோப் கிளே, நிலநடுக்கோட்டுக்கு அருகே அவை குறைவதை 1927இல் கண்டார். பூமியின் காந்தப்புலம் மின்னேற்றமுள்ள துகள்களைத் திருப்பிவிடுகிறது, அதன் தடுப்பு நிலநடுக்கோட்டுக்கு அருகே வலுவானது. ஊட்டிக்கு மேலிருந்து நேராக இறங்கவேண்டுமென்றால் ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது வேண்டும். உலகின் மிக உயர்ந்த தடைகளில் இது ஒன்று. தாழ்ந்த ஆற்றல் துகள்களின் இரைச்சல் வடிகட்டப்பட்டு, மேலான ஆற்றலுள்ளவை மட்டும் வரும் இடம்.

ஹோமி பாபாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே எலக்ட்ரான் காற்றில் மோதி எப்படித் துகள் பொழிவாகப் பெருகுகிறது என்ற கோட்பாட்டை ஹைட்லரோடு சேர்ந்து 1937இல் தந்தவர் அவர். விடுமுறைக்கு இந்தியா வந்தவரைப் போர் நிறுத்தி வைத்தது. பெங்களூரில் ராமன் தலைமையேற்றிருந்த துறையில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். 1945இல் டாட்டா நிறுவனம் பிறந்தது. அங்கே அவருக்கு வாய்த்த மாணவர் பி. வி. ஸ்ரீகண்டன், முதலில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்துக்குப் போனார். பிறகு ஐம்பதுகளில் ஊட்டியின் உயரத்துக்கு வந்தார். பெரிய முகில் அறைகளில் துகள்களின் தடங்களைப் படமெடுத்தார்கள். பாறைக்கடியில் எஞ்சும் துகளும் மலையுச்சியில் பொழியும் துகளும் சேர்ந்துதான் முழுப் படம் தரும் என்பது அவருடைய வழி. பல்சர் கண்டுபிடிப்பின் சூட்டோடு, 1969இல், மிகையாற்றல் காமா கதிர்களைத் தரையிலிருந்து தேடும் முயற்சியும் ஊட்டியில்தான் தொடங்கிற்று.

அந்த மரபின் இன்றைய வடிவம் கிரேப்ஸ்-3. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே, துகள் பட்டால் மின்னும் ஏறத்தாழ 400 பிளாஸ்டிக் பலகைகள் எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பப்பட்டுள்ளன. நடுவே, இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில், 3,712 எண்ணிக் குழாய்கள். மற்ற துகள்களைக் கான்கிரீட் தடுத்துவிட, மியூவான் என்ற துகள் மட்டும் ஊடுருவி வந்து பதிவாகும். நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள். மியூவானின் ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே எழுநூறு மீட்டரைத் தாண்டாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் ஊட்டியை எப்படி எட்டுகிறது? வேகமாக ஓடும் துகளின் காலம் நமக்கு மெதுவாகத் தெரியும் என்ற ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கருத்து இல்லாமல் இதற்கு விடையில்லை. ஊட்டியின் ஒவ்வொரு மியூவானும் சார்பியலுக்குச் சான்று.

மேகங்களோடு தொடர்புடைய கதை இனித்தான் வருகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சி. டி. ஆர். வில்சன் 1894இல் பென் நெவிஸ் மலையில் சில வாரங்கள் தங்கி, மேகத்தில் ஒளி செய்யும் ஜாலங்களைக் கண்டு, அவற்றை ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்பினார். அதிலிருந்துதான் முகில் அறை பிறந்தது. 1927இல் நோபல் பரிசும் வந்தது. அதே வில்சன் இடிமேகங்களையும் ஆராய்ந்து, அவற்றுக்குள் நூறு கோடி வோல்ட் வரை மின்னழுத்தம் உருவாகலாம் என்று 1929இல் கணித்தார். பலூன்கள் பிற்காலத்தில் அளந்த உச்சம் சுமார் 13 கோடி வோல்ட்தான். ஆனால் 1994 முதல் விண்கலங்கள் இடிமேகங்களிலிருந்து காமா கதிர் மின்னல்களைக் கண்டுவந்தன. அவ்வளவு ஆற்றலுக்குப் பலூன்கள் கண்ட மின்னழுத்தம் போதாது. ஒரு பலூன் மேகத்தின் ஒரு பாதையை மட்டுமே தொடும். மேகம் முழுவதையும் ஒரே நேரத்தில் ஊடுருவிப் பார்க்கும் கருவி வேண்டியிருந்தது.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் ஒரு இடிமேகம் நின்றது. மின்புலத்தைக் கடக்கும் மியூவான் ஆற்றலை இழக்கும் அல்லது பெறும். அதனால் கீழே வந்து சேரும் எண்ணிக்கை மாறும். அன்று மியூவான் வரத்து 18 நிமிடங்களுக்கு இரண்டு சதவீதம் குறைந்தது. வெறும் இரண்டு சதவீதம். ஆனால் நாளுக்கு நானூறு கோடி எண்ணும் கருவிக்கு அது ஐயத்துக்கு இடமில்லாத அளவு. அதிலிருந்து கணித்தபோது மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று தெரிந்தது. பி. ஹரிஹரன் முதலாகக் கிரேப்ஸ்-3 குழுவினர் இதை 2019இல் வெளியிட்டார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வில்சன் சொன்னது சரி. அதை மெய்ப்பித்தது நீலகிரியின் வடகிழக்குப் பருவ மேகம்.

இதேபோல் 2015 ஜூன் 22 அன்று, சூரியனிலிருந்து வந்த பெரும் பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தக் கவசத்தை நெரித்தது. கவசம் தற்காலிகமாகப் பலவீனமாக, வழக்கமாக நுழைய முடியாத துகள்கள் இரண்டு மணி நேரம் உள்ளே வந்தன. மியூவான் எண்ணிக்கை எகிறியது. தடை உயர்ந்த இடத்தில்தான் தடை தளர்ந்ததைத் தெளிவாகக் காண முடியும். 2024இல் இதே குழு, காஸ்மிக் புரோட்டான்களின் எண்ணிக்கை ஆற்றலோடு குறையும் விதம் 166 டெரா எலக்ட்ரான் வோல்ட் அருகே மாறுவதாக அறிவித்தது. ஒரே சரிவாக இறங்கும் என்று நெடுங்காலம் நம்பிய கோட்டில் ஒரு வளைவு. இத்துகள்கள் எங்கே, எப்படி முடுக்கப்படுகின்றன என்ற கோட்பாடுகள் இனி இந்த வளைவுக்கும் பதில் சொல்லியாகவேண்டும்.

இத்தனையும் நடந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டில் நாம் தேயிலைக்கும் மலர்க் கண்காட்சிக்கும் மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளி இயற்பியல் நூலில் முத்தோரைக்கு ஒரு முழுப் பாடம் வேண்டும். அட்சரேகை, விளிம்பு விளைவு, சார்பியல், மின்னழுத்தம் என்று மேல்நிலை வகுப்பில் தனித்தனியாகப் படிப்பவை எல்லாம் அந்த ஒரு பாடத்துக்குள் அடங்கும். உதாரணத்துக்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. இன்னொன்றும் அவசரமாகச் செய்யவேண்டியது. 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை ரேடியோ வானியலுக்கென உலக அளவில் ஒதுக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணித்து வரும் சமிக்ஞையை, பக்கத்தில் பழுதான ஒரு மின்கருவியின் இரைச்சல் மூழ்கடித்துவிடும். சுற்றுலாவும் கட்டடங்களும் பெருகிவரும் நீலகிரியில் முத்தோரையைச் சுற்றி அந்த அலைவரிசையின் அமைதியைக் காப்பதை, சோலைக்காடுகளைக் காப்பதற்கு நிகரான பொறுப்பாக மாவட்ட நிர்வாகமும் மக்களும் ஏற்கவேண்டும்.